எடை குறைந்த லேப்டாப்

"சாருக்கு கேமிங்கா, ஆபீஸ் வொர்க்கா?" என்று கேட்டார் ஸ்ரீஜித்.

பழவங்காடி பிள்ளையார் கோயிலுக்கு நாலு கடை தள்ளி இருந்த அந்த கம்ப்யூட்டர் ஷோரூமில் அவர்தான் இன்சார்ஜ். எதிரே நின்ற பிச்சுமணிக்கு அறுபத்திரண்டு வயது. வலியசாலை வீட்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரெண்டும் இல்லை. கோட் எழுதினா படம் வருமாமே, அதுக்காக்கும். என் பொண்ணுக்கு."

இருபது வருஷமாக கம்ப்யூட்டர் விற்கும் ஸ்ரீஜித்துக்கு இது பிடிபடவில்லை. "பிரிண்டர் வேணுமோ?" என்று கேட்டுப் பார்த்தார்.

"வேண்டாம். அதோ, அந்தப் பொண்ணு கை ஒழிஞ்சு வரட்டும். அவாளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு கேள்விப்பட்டேன்."

"மோளே, இங்கோட்டு வா. சாருக்கு என்னமோ படம் வரையணுமாம்."

நீல யூனிஃபார்ம் போட்ட பெண் வந்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள், கால் வலியாக இருக்கும் என்று ஸ்ரீஜித் நினைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார். என்ன மாதிரி வேணும்?"

பிச்சுமணி சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மந்திரம் மாதிரி வாசித்தார். "எட்டு ஜிபி கிராபிக்ஸ். முப்பத்திரண்டு ஜிபி ராம். அக்கா பிள்ளை மஹேஷ் எழுதிக் குடுத்தான். எனக்கு ஒரு அட்சரம் புரியலை."

அவள் இரண்டு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது பெரிசு. பவர் ஜாஸ்தி. ஆனா ரெண்டரைக் கிலோ, சார்ஜர் தனியா ஒரு செங்கல் கனம். இது ஒன்றரைக் கிலோ. தனி கிராபிக்ஸ் கார்டு இதுலயும் உண்டு. ரொம்ப நேரம் ஓட்டினா சூடாகும், ஃபேன் சத்தம் போடும். ஆனா கொண்டு நடக்க சுலபம்."

"பெரிசையே குடுத்துடுங்கோ. விலையைப் பாத்துக் குறைச்சுட்டேன்னு இருக்கப்படாது."

"விலையில்ல சார். தூக்கறது யாரு?"

பிச்சுமணி யோசித்தார்.

"அதுவும் சரிதான். ஞாயித்துக்கிழமையானா கல்லாறுக்கு பஸ் ஏறிப் போயிடுவா. பாறைமேல உக்காந்துண்டு, தண்ணி ஓடறதைப் பாத்து அதுக்கு கோட் எழுதுவாளாம். ஸ்க்ரீன்ல அப்படியே ஓடுமாம்."

"ஓடுமாம்னா? நீங்க பாத்ததில்லையா?"

"ஒருநாள் கொண்டுவந்து காட்டினா. பேங்க் பரீட்சைக்குப் படிக்கற பொண்ணுக்கு தண்ணியில என்ன வேலைன்னு கேட்டேன். நான் ஏறெடுத்துப் பாக்கலை."

அவள் சின்ன லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். மளமளவென்று பத்துப் பதினைந்து வரி அடித்தாள். திரையில் நீலக் கோடுகள் கிளம்பின, நடுவில் இருந்த வட்டத்தில் மோதிப் பிரிந்தன, மறுபடி சேர்ந்து ஓடின.

பிச்சுமணி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதானா அது?" என்றார்.

"இது மாதிரிதான் இருக்கும் சார்."

"பழசு இருந்தா எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம் சாரே," என்று நடுவில் புகுந்தார் ஸ்ரீஜித்.

"பழசு இல்லை. அதை மஹேஷுக்குக் குடுத்துட்டேன், மூணு வருஷமாச்சு. அது கண்ணுல பட்டா அவ படிக்கமாட்டாளேன்னு, கோயிலுக்குப் போயிருந்த சமயம் பாத்து எடுத்துக் குடுத்தேன். ஒருத்தருக்குக் குடுக்கறச்சே பாத்திரமானா கழுவித்தானே குடுப்போம்? அதுபோல உள்ளே இருந்ததை எல்லாம் அழிச்சு, சுத்தம் பண்ணிக் குடுத்தேன்."

"அய்யோ!" என்றார் ஸ்ரீஜித்.

"அஞ்சு வருஷத்து வேலையாம். வேறெங்கேயும் எடுத்து வைக்கலையாம். மறுநாள் ஏதோ டிசைன் காலேஜுக்கு அனுப்பக் கடைசித் தேதி. எனக்குத் தெரியாது."

"தெரியாதா, கேக்கலையா சார்?" அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேக்கலை." பிச்சுமணி காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அன்னிக்கே பெட்டியை எடுத்துண்டு போயிட்டா. நான் பண்ணினது மகா தப்பு. தினம் நினைச்சு வேதனைப்படறேன். இதைக் குடுத்தா அது சரியாயிடாது, தெரியும். வேறே என்ன பண்றதுன்னுதான் தெரியலை."

ஸ்ரீஜித்துக்கு மனம் இளகிவிட்டது. "விஷமிக்கண்டா சாரே, வருத்தப்படாதீங்க. கொண்டு போய்க் குடுங்க, உங்க மோளு சந்தோஷப்படும்," என்று சொல்லிவிட்டு, சின்ன லேப்டாப்பில் புதுப் பெட்டி எடுத்துவர உள்ளே போனார்.

அவள் பில் போட ஆரம்பித்தாள்.

"யார் பேர்ல சார்?"

"திவ்யலட்சுமி."

"மொபைல் நம்பர்?"

"எங்கிட்ட இருக்கற நம்பர்ல இப்போ கிடைக்கறதில்லை. மாத்திட்டா."

அவளுடைய விரல்கள் கீபோர்டின் மேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. பிறகு, யாரையும் கேட்காமல், பத்து எண்களையும் அவளே அடித்தாள்.

ஸ்ரீஜித் பெட்டியோடு வந்து அதைப் பையில் போட்டு நீட்டினார். பிச்சுமணி கையை நீட்டவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார். "சாரே, பிடிங்க," என்று ஸ்ரீஜித் விழிக்க, அந்தப் பெண் எட்டிப் பையை வாங்கிக்கொண்டாள்.

"லேப்டாப்பை வாங்கிக்கறேன்ப்பா," என்றாள். "வலியசாலைக்கு மட்டும் வரச் சொல்லாதீங்கோ."