உயிரோடு இருந்தால் குற்றம்

பிக்கெட் ஓடையிலிருந்து வாளியோடு கரையேறிய வெர்னனை, மீன்வளத்துறை அதிகாரி ட்ரூடி மறித்தாள்.

"லைசென்ஸ் இருக்கா சார்?"

"இருக்கு மேடம். தூண்டில் போட்டுத்தான் பிடிச்சேன். ஒரே ஒரு சூரிய மீன்."

"உயிரோட இருக்கே?"

"வீட்டுத் தொட்டியில வளர்க்கப் போறேன்."

"அப்ப அபராதம் கட்டணும். இந்த ஓடை மீனை உயிரோட கொண்டு போகக் கூடாது. கொன்னு எடுத்துட்டுப் போங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வெர்னனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வறுத்துத் தின்னா நல்லவன், இரை போட்டு வளர்த்தா குற்றவாளியா? இது எந்த ஊர் நியாயம்?"

"சட்டத்தை நான் எழுதல சார்."

அவள் வாளியை ஓடையில் சாய்த்தாள். ஆரஞ்சு வயிறு பளிச்சிட மீன் நழுவி மறைந்தது. பிறகு அபராதச் சீட்டை எழுதி நீட்டினாள்.

வெர்னன் அதை வாங்கவில்லை. "தொட்டிக்குக் கடை மீன் வேண்டாம், நம்ம ஓடை மீன்தான் வேணும்னு காலையில காபி குடிச்சுக்கிட்டே கேட்டது நீதானே ட்ரூடி?"

"கேட்டது உன் பொண்டாட்டி," என்றாள் ட்ரூடி, சீட்டை அவன் சட்டைப்பையில் செருகியபடி. "அவ டியூட்டி முடிஞ்சு சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவா. அப்ப அவகிட்ட சண்டை போட்டுக்கோ."