எஞ்சின் அடக்கிய மூச்சு

பந்தயக் காரின் பெட்ரோல் எஞ்சினுக்கு மூச்சு அனலாய்க் கொதிக்கும். அந்த மூச்சில் சுழன்று அதற்கே காற்றூட்ட ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு டர்போக்களும் உள்ளிருக்கும் உலோக இதழ்கள் வெந்து இறுகிப்போயின. கழற்றி எறிந்துவிட்டார்கள்.

மூன்றாவது டர்போ வந்ததுமே பேசியது. "நீங்க மெதுவா போனா இதழைக் குவிச்சுக்கிறேன், வேகமெடுத்தா விரிச்சுக்கிறேன். உங்க இஷ்டம்தான் அண்ணே."

இதுவரை எஞ்சினிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இதையும் பொசுக்கிவிடக் கூடாதென்று பந்தயம் முழுக்க மூச்சை அடக்கியே ஓடியது. கார் கடைசியாக வந்தது.

"என்ன அண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்று டர்போ கேட்டது.

எஞ்சின் பதில் சொல்வதற்குள் மெக்கானிக் ஸ்பானரோடு வந்தார். "இந்த டர்போவுலதான் தம் இல்ல" என்று கழற்றி எடுத்துப் போனார்.

அதன் இதழ்களில் ஒன்றுகூடப் பொசுங்கியிருக்கவில்லை.