மயிரிழை நகராத கிரகம்

தொலைநோக்கி முழுக்க என் கைவேலை. பிளாஸ்டிக் குழாய், மாதக்கணக்கில் நானே தேய்த்த கண்ணாடி, பழைய பிரிண்டரின் மோட்டார். பூமி சுழல்வதால் எந்தக் கிரகமும் ஒரு நிமிடத்தில் கேமராவை விட்டு நழுவிவிடும். அதைத் துரத்திப் பிடிக்கத்தான் அந்த மோட்டார்.

மூன்று நாளாக மாலையில் மொட்டைமாடியிலிருந்து வெள்ளிக் கிரகத்தைப் படம் எடுத்தேன். ஒரு மணி நேரமானாலும் படத்தில் அது மயிரிழைகூட நகரவில்லை. படங்களை வானியல் சங்கத்துக்கு அனுப்பியதும், செயலாளரே போனில் கூப்பிட்டார்.

"எப்படி சார் இவ்வளவு துல்லியமாப் பிடிச்சீங்க? நாளைக்கு வந்து எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கணும்!"

"என் மோட்டார் அப்படி சார். ஓடுற சத்தமே கேக்காது," என்றேன், கூச்சமே இல்லாமல்.

துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"ஏங்க, மூணு நாள் முன்னாடி அயர்ன்பாக்ஸுக்காக உங்க மோட்டார் வயரைப் பிடுங்கினேன். திரும்பச் சொருக மறந்தே போச்சு. பரவாயில்லையா?"

ஒன்று, மூன்று நாளாகப் பூமி சுற்றாமல் நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால், நான் விழுந்து விழுந்து படம் எடுத்தது அடுத்த தெருத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் எரியும் விளக்காக இருக்க வேண்டும்.

எனக்கென்னவோ பூமி மேல்தான் சந்தேகம்.