பேசியவர்கள்

ஏழாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒவ்வொருவர் காதிலும் ஒரு கருவி தனித்தனியாகப் பாடம் நடத்தும். கவனம் சிதறும் முன்பே பெயர் சொல்லி இழுத்துப் பிடிக்கும். எஸ்தர் டீச்சருக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் வேலை.

"அமைதியில உங்க கிளாஸை அடிச்சுக்க ஆளே இல்ல டீச்சர்" என்று பாராட்டிவிட்டுப் போனார் ஹெட்மாஸ்டர்.

கரும்பலகை மூலையில் ‘பேசியவர்கள்’ என்று பழைய கிளாஸ் லீடர் ஒருத்தி எழுதிய தலைப்பை மட்டும் டீச்சர் அழிக்கவிடவில்லை. அதன் கீழே மூன்று வருடமாக ஒரு பெயர்கூட ஏறவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"மழையைப் பாருங்க பிள்ளைங்களா!" என்றார் டீச்சர்.

ஒரு தலையும் நிமிரவில்லை. அவர் சாக்பீஸை எடுத்து, தலைப்பின் கீழே தன் பெயரை எழுதினார்.

திரும்பியபோது, கடைசி பெஞ்ச் ஷமீலா கருவியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"என் பேரையும் எழுதுங்க டீச்சர்."