பூச்சு தாங்குமா?

தஹ்ஸீனின் விரலில் சிவப்பாக ஒட்டியது. ரத்தமாக இருந்திருந்தால்கூட அவள் அவ்வளவு பதறியிருக்க மாட்டாள்.

துரு. முன்சக்கரத்தைக் கழற்றிய இடத்தில், பிரேக் டிஸ்க்கின் ஓரமும் நடுப்பகுதியும் செங்கல் பொடியை அப்பியதுபோல் இருந்தன.

"மாதேஸ்வரண்ணா, வண்டிய எங்கயாச்சும் தண்ணியில நிறுத்தினீங்களா?"

"இல்லீங்க அம்மிணி. எப்பவும் போலத்தான் ஓட்டுனேன்." மாதேஸ்வரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழற்றிய நட்டுகளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

சேந்தமங்கலத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்து, கார் டிஸ்க்குகளுக்குத் துருப்பிடிக்காத பூச்சு பூசுகிறாள் தஹ்ஸீன். நிறமில்லாத பூச்சு, பூசியது எது, பூசாதது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிரேக் பிடிக்கிற இடத்தில் அது தேய்ந்துவிடும், அங்கே துரு வருவதும் போவதும் சகஜம். ஓரத்திலும் நடுவிலும் தாங்க வேண்டும்.

தாங்குமா என்று பார்க்கக் கொல்லிமலையைவிடத் தோதான இடம் இல்லை. பாதி நாள் பனிமூட்டம், மீதி நாள் மழை. மழைக்காலம் தொடங்கும் முன்பே வந்து, மாதேஸ்வரனின் காரில் பூச்சு பூசிய புது டிஸ்க்குகளையும், அடுத்த வீட்டில் இருக்கும் அவர் தம்பி பூபதியின் காரில் பூசாத புது டிஸ்க்குகளையும் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். இரண்டும் ஒரே மாடல், இரண்டும் வாடகைக்கு ஓடுகிற கார்கள்.

"இதுல துருப் புடிக்காதது எதுங்க?" என்று அன்றைக்கு மாதேஸ்வரன் கேட்டார்.

"உங்க வண்டியில மாட்டினதுதாண்ணா" என்று அவளும் சொல்லியிருந்தாள்.

மழைக்காலம் முடிந்து, இப்போது கோயம்புத்தூரிலிருந்து உதிரிபாகக் கம்பெனிக்காரர்கள் பூச்சு தாங்கியதா என்று பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். காரவள்ளியைத் தாண்டி மலையேறத் தொடங்கிவிட்டதாகச் சற்றுமுன் போன் வந்தது.

தஹ்ஸீனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. காரைச் சுற்றி வந்தாள். அடுத்த சக்கரத்தையும் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். அங்கேயும் அதே துரு. போனை எடுத்தாள், யாரையும் கூப்பிடாமல் உள்ளே வைத்தாள். "இருக்கற வேலைய விட்டுட்டு இதுல எறங்காதேம்மா" என்று அவளைப் பெற்ற அத்தா தலைபாடாக அடித்துக்கொண்டது காதில் இரைந்தது.

மாதேஸ்வரனின் மனைவி அத்தாயி டீ கொண்டுவந்து நீட்டினாள். கணவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க. மழைக்கு முந்தி ஒரு நாள் காட்டு வேலை முடிஞ்சு ஊட்டுக்கு வாரேன், ரெண்டு காரும் முன்சக்கரம் இல்லாம கல்லு மேல நிக்குது. இவருகிட்ட என்னன்னு கேட்டா, உனக்கெதுக்குன்னு எரிஞ்சு விழறாரு."

தஹ்ஸீனுக்குப் பூபதி மேல்தான் சந்தேகம் விழுந்தது. வேலித் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்கில் ஆகிறது. டிஸ்க் மாட்ட வந்தபோதே அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் இரண்டு கார்களையும் இங்கேயே விட்டுப்போனதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

டம்ளரை வைத்துவிட்டு விறுவிறுவென்று பூபதியின் வாசலுக்குப் போனாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சேந்தமங்கலத்தில் இறக்கிவிட்டு அப்போதுதான் மலையேறி வந்திருந்தார் பூபதி.

"முன்சக்கரத்தக் கழட்டுங்க."

"ஏனுங்க, என்னாச்சு?"

"கழட்டுங்க, சொல்றேன்."

சக்கரம் வந்ததும் டிஸ்க்கின் சூடு ஆறக்கூடக் காத்திருக்காமல் ஓரத்தில் துணியைச் சுற்றித் துடைத்தாள். துணி அழுக்கானது, சிவக்கவில்லை. நடுப்பகுதி அவள் பட்டறையிலிருந்து நேற்று வந்ததுபோல் இருந்தது.

"இது உங்க டிஸ்க் இல்ல. உங்க அண்ணன் வண்டியில நான் மாட்டினது."

"என்னங்க சொல்றீங்க? அவரு வண்டிப் பக்கங்கூட நான் போனதில்லீங்க!"

"அப்ப இது தானா நடந்து வந்துச்சா? பேச்சு இல்லேன்னா, அண்ணன் பொருளத் திருடலாமா? என் பொழப்பே இதுலதான் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பூபதியின் முகம் செத்துப்போனது. "என்ற புள்ளைங்க மேல சத்தியமுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் திருடனில்லீங்க."

"வர்றவங்ககிட்ட அதச் சொல்லுங்க. பாதி மலை ஏறியிருப்பாங்க." அவர்களைக் கூப்பிட அவள் போனை எடுத்தாள். அவசரத்தில் எண்ணைத் தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மாதேஸ்வரன், கையிலிருந்த நட்டுகளைக் கீழே போட்டுவிட்டு வேலியைத் தாண்டி வந்தார். தம்பி வாசலில் அவர் கால் வைத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பூபதி பக்கம் அவர் திரும்பவே இல்லை. தஹ்ஸீனிடம்தான் பேசினார்.

"போனை வையுங்க அம்மிணி. அவனத் திருடன்னு சொல்லாதீங்க."

"பின்ன யாருண்ணா மாத்தினது?"

மாதேஸ்வரன் தம்பியின் காரைக் கையால் காட்டினார்.

"தெனமும் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு மலை எறங்குறவன் அவனுங்க. அதான், அவன் ஊர்ல இல்லாத அன்னைக்கு நல்லத நானே அவன் வண்டியில மாட்டி உட்டுட்டேன்."