கோட்டயத்தில் ஒரு வீடு காணல்

கோட்டயத்துத் தெரு ஒன்று ஷீஜாவின் உள்ளங்கைக்குள் ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தது.

தெருவை நடத்திக்கொண்டு போனவள் மகள் நீது. அவள் அங்கே, வீடியோ காலில். ஷீஜா இங்கே ஆரியங்கோட்டில், ரப்பர் மரத்தடியில். பால் வெட்டு முடிந்து, சிரட்டைகள் நிறைவதற்குக் காத்திருக்கிற நேரம்.

மழை விட்ட காலை. மரங்களுக்கிடையே புகைபோல ஈரம் நின்றது. அதற்குள் ஒரு சின்ன வெளிச்சம், வெளிச்சத்துக்குள் ஓர் ஊர், ஊருக்குள் தன் பிள்ளையின் செருப்புச் சத்தம். நெட்வொர்க் விட்டுப்போகும்போதெல்லாம் தெரு அப்படியே நின்றுபோனது. மதிலைத் தாண்டப்போன பூனை ஒன்று பாதியில் அந்தரத்தில் நின்றது. பிறகு எல்லாம் மறுபடி நடந்தது. கனவா என்று கிள்ளிப் பார்க்கலாமென்றால் ஷீஜாவுக்குக் கை ஒழியவில்லை.

நீதுவுக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சீட். திருவனந்தபுரத்திலும் கிடைத்ததுதான். பாறசாலையில் ரயிலேறிப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். பெண் கேட்டால்தானே! தூரத்து ஊர்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். முன்பின் தெரியாத ஊரில் பெண்பிள்ளை எந்தத் தெருவில் போய்த் தங்குவாள்? அன்றிலிருந்து ஷீஜா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

வாடகை வீட்டை நான் பார்த்துச் சரி சொன்னால்தான் நீ போகலாம் என்று சொல்லியிருந்தாள்.

பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்து வருவதற்கு இந்தப் பக்கம் வீடு காணல் என்று பேர். ஷீஜாவுக்கும் நடந்தது. ஒரு ஜீப் நிறைய உறவுக்காரர்கள் போனார்கள். பழம்பொரி தின்றார்கள். கிணற்றை எட்டிப் பார்த்து, கோடையிலும் வற்றாது என்றார்கள். பலாமரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். கனகதாஸ் என்கிற மாப்பிள்ளையைத் தட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தங்கமான இடம் என்று சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், புண்ணியவான்கள்.

அதனால் இந்த வீடு காணலில் கிணறும் பலாவும் ஷீஜாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. பின்கதவைக் காட்டச் சொன்னாள். தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டுக் காட்டச் சொன்னாள். இருட்டிய பிறகும் பெண்கள் இந்தத் தெருவில் நடக்கிறார்களா என்று வீட்டுக்காரியிடம் கேட்கச் சொன்னாள். வீட்டுக்காரி சௌதாமினி கீழ்வீட்டில் தனியாக இருக்கிறவள். எல்லாக் கேள்விக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

நீதுவும் சலித்துக்கொள்ளவில்லை. அதுதான் அதிசயம். அம்மா இரண்டாவது கேள்வி கேட்டாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற பெண் அவள்.

கடைசியில் ஷீஜா சொன்னாள்.

"மக்கா, உள்ள நின்னு ஒரு சத்தம் போட்டுப் பாரு."

"எந்தச் சத்தம் அம்மே?"

"ஆராவது அடிக்க வந்தா போடுவோமே, அந்தச் சத்தம்."

நீது கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டை கிழிய "அம்மே!" என்று கத்தினாள்.

போனிலிருந்து கிளம்பிய அந்தக் குரல் ரப்பர் மரங்களுக்குள் போய் அடங்கியது. இங்கே எந்தச் சத்தமும் அப்படித்தான் அடங்கும். சுற்றிலும் மரம்தான், கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கிடையாது. ஷீஜாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

அங்கேயோ கதவு படபடவென்று தட்டப்பட்டது. நீது திறந்தாள். மாவு பிசைந்த கையோடு ஒருத்தி நின்றாள். அவள் பின்னால் தலையில் துண்டு சுற்றிய இன்னொருத்தி, இடுப்பில் குழந்தை. எதிர்வீட்டுக்காரர் குடையை ஓங்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறிக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு மோளே, என்ன ஆச்சு என்று மலையாளத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள்.

ஷீஜா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. கூப்பிட்டால் ஓடி வருகிற சனம் இருக்கிற தெரு ஒன்று உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது! கடவுளே, என் பிள்ளை பிழைத்தாள்.

"இந்த வீடு போரும் மக்கா. இனி எனக்குப் பயமில்ல. நீ தைரியமா இரி."

"எனக்கு ஹாஸ்டல் எப்பவோ கெடச்சாச்சு அம்மே." கத்தியதில் நீதுவின் குரல் கரகரத்திருந்தது. "இது உனக்காக்கும். இங்கயும் ரப்பர் உண்டு, வெட்டுக்கு ஆளில்லாம கெடக்கு. வீட்டுக்காரி சேச்சிட்ட எல்லாம் சொல்லியாச்சு. நீ இன்னைக்கே எறங்கி வா."

மேட்டில், வீட்டுக்குள், கனகதாஸ் இருமிக்கொண்டு எழுந்திருப்பது கேட்டது.

சௌதாமினி போனை வாங்கிக்கொண்டாள். உங்கள் பக்கம் ஒரே இருட்டாகத்தான் தெரிகிறது, வரப்போகிறவளின் முகத்தை நாங்களும் ஒரு தடவை பார்க்க வேண்டாமா என்று கேட்டாள். கதவண்டை நின்றவர்கள் எல்லோரும் போனுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

ஷீஜா ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, வீங்கிக் கறுத்த கன்னத்தை மகள் பார்த்துவிடக் கூடாதென்று இவ்வளவு நேரமும் கேமராவின் மேல் அழுத்தி வைத்திருந்த விரலை எடுத்தாள்.