மணிக்கட்டுக் கயிறு

போரில் கப்பல் மூழ்கியபின் பதினோரு நாள் மிதவையில் கிடந்து பிழைத்தவன் பொனிப்பாஸ். தூக்கத்தில் கடலுக்குள் சரிந்துவிடக் கூடாதென்று அவனும் கூட்டாளி காசிமும் மணிக்கட்டுகளைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டுதான் கண்ணயர்வார்கள். கரைக்கு அவன் மட்டும் வந்தான்.

வீட்டிலும் கயிறில்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது. பகலில் சற்றுத் தலைசாய்த்தாலும் மனைவி செசிலியின் கையைத் தன் கையோடு கட்டிவிடுவான். நாலு வருஷமாக அவளும் மறுபேச்சில்லாமல் கை நீட்டினாள். இன்று அவன் கட்டி முடித்ததும் கயிற்றையே உற்றுப் பார்த்தாள்.

"என் கையில இறுக்கிக் கட்டுதீய. ஒங்க கையில மட்டும் ஏன் எப்பவும் இழுத்தா அவுருத முடிச்சு?"

பொனிப்பாஸ் குனிந்து பார்த்தான். முடிச்சின் நுனி ஏற்கெனவே அவன் விரலிடுக்கில் இருந்தது.